முதலில் பீட்டு, அப்புறம் வரி: உங்களைப் பிடித்து நிறுத்திய சத்தம் எது?

சென்னை, ராயப்பேட்டை:

தமிழ் ராப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் வரிகளிலேயே நின்றுவிடுகிறது. என்ன சொன்னார், யாரைச் சாடினார், எதுகை எங்கே விழுந்தது. வரி முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை, ராப்பர் அறிவு பாடியதில் பாதி எனக்கு மனப்பாடம். ஆனால் 2019-ல் வந்த ‘தெருக்குரல்’ அறிவும், பீட்டு செய்கிற ஓஃப்ரோவும் சேர்ந்து செய்த ஆல்பம் என்றால், “ஓஃப்ரோவா, அது யாரு?” என்கிறார்கள். ராப்பர் பால் டப்பாவும் ஓஃப்ரோவும் சேர்ந்து செய்த பாட்டுகளுக்கு ஆடுகிற கூட்டத்திடம் கேட்டாலும் அதே முழிதான். ஆடவைத்த ஆளின் பெயர் மட்டும் யாருக்கும் தெரியாது!

அதனால் இந்த இணையத் திரியில் வரியைக் கொஞ்சம் ஓரமாக வைப்போம். வார்த்தை காதில் ஏறும் முன்பே ஒரு பீட்டு, அதாவது வரிக்கு அடியில் ஓடுகிற இசை, உங்களைப் பிடித்து நிறுத்தியிருந்தால் எழுதுங்கள்.

என்னுடையது லண்டன் தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ.வின் ‘பாய்ஸ்’ பாட்டு. 2007-ல் வந்த ‘கலா’ ஆல்பத்தில் இருக்கிறது. நான் கேட்டது ரொம்ப வருஷம் கழித்து. சத்தமாக வைத்திருந்தேன். அடுத்த அறையிலிருந்து அப்பா, “இன்னிக்கு எந்தக் கோயில்ல விசேஷம்?” என்றார். அவர் காதில் பழுதில்லை. அதில் முழங்குவது நம்ம ஊர் உறுமி. அமெரிக்க விசா இழுபறியானதால் எம்.ஐ.ஏ. நாடு நாடாகப் போய்ப் பதிவு செய்த ஆல்பம் அது. சென்னைக்கும் வந்து இங்குள்ள மேளக்காரர்களை வாசிக்கவைத்தார். லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, சென்னையிலும் கொஞ்ச காலம் இருந்து, 1986-ல் லண்டன் திரும்பியவர். முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் இயக்கப் பெயரான ‘அருளர்’, இரண்டாவதற்கு அம்மாவின் பெயர்.

உறுமியைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் குச்சியால் அடி, மறு பக்கம் வளைந்த குச்சியால் தேய்ப்பு. தேய்க்கும்போது ‘ஊம்ம்ம்’ என்று அடிவயிற்றிலிருந்து கிளம்பி வழுக்கிக்கொண்டே போகும். இப்போதைய டிராப், டிரில் வகை ராப் பாட்டுகளில் பேஸ் என்கிற அடிச் சத்தம் ஒரு சுருதியிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்குமே, பீட்டு செய்பவர்கள் ‘808 கிளைடு’ என்பார்களே, அதைத்தான் இவர்கள் தோலிலும் குச்சியிலும் செய்கிறார்கள். எலக்ட்ரானிக் இசை நமக்கு ஒட்டாது என்று யாராவது ஆரம்பித்தால் நான் பதில் பேசுவதில்லை. இந்தப் பாட்டைப் போட்டுவிடுவேன்.

கிள்ளான், மலேசியா:

உறுமி என்றதும் கை பரபரக்கிறது. எங்கள் பக்கம் உறுமி மேளம் இல்லாத தைப்பூசத்தை நினைத்தே பார்க்க முடியாது. நானும் ஒரு குழுவில் வாசிக்கிறேன்.

ஆனால் என்னை நிறுத்தியது எங்கள் ஊர் ராப் குழு யோகி பி – நட்சத்திராவின் ‘வல்லவன்’ ஆல்பம், 2006. பெரியண்ணனின் பழைய புரோட்டான் காரில் டிக்கி முழுக்க ஸ்பீக்கர் பெட்டி. அந்த ஆல்பத்தின் ‘மடை திறந்து’ வந்தால் பின்கண்ணாடி நடுங்கும். 1980-ல் ‘நிழல்கள்’ படத்துக்கு ராஜா போட்ட மெட்டு. வீட்டில் கேசட் தேயத் தேயக் கேட்டதுதான். அதன் அடியில் ஹிப்ஹாப் டிரம்ஸ் வந்து உட்கார்ந்ததும் வேறு உயிரினம் ஆகிவிட்டது. யோகி பி 90-களிலேயே பொயட்டிக் அம்மோ குழுவில் ராப் செய்தவர். அடுத்த வருஷம் ‘பொல்லாதவன்’ படத்தில் அவர் குரல் வந்த பிறகுதான் தமிழ்நாட்டு நண்பர்கள் “யாருப்பா இவரு?” என்று என்னிடம் விசாரித்தார்கள். நாங்கள் ஏற்கெனவே பின்கண்ணாடியை மாற்றியிருந்தோம்.

பொள்ளாச்சி பக்கம்:

எங்கள் வீட்டுத் தொழிலே மைக் செட். அப்பா காலத்தில் குழாய் ஸ்பீக்கர்தான். பேச்சும் பக்திப் பாட்டும் ரெண்டு ஊர் தள்ளிக் கேட்கும், ஆனால் அடிச் சத்தம் கிடையாது. ஒரு கோயில் நோன்பி ராத்திரி பசங்க போனை நீட்டி ராப் பாட்டு போடச் சொன்னார்கள். குழாயில் போட்டேன். ‘டிக் டிக் டிக்’ என்று மேல் சத்தம் மட்டும் வருகிறது, பேஸ் போன இடம் தெரியவில்லை. பசங்க முகம் செத்துப்போச்சு. அப்புறம் பேஸ் பெட்டிக்கு லைனை மாற்றினேன். பக்கத்துச் சமையல் கொட்டகையின் தகரம் அதிர ஆரம்பித்தது. சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அந்த 808 என்பது என்ன என்று அன்றைக்குத்தான் தேடிப் படித்தேன். ரோலண்ட் என்ற ஜப்பான் கம்பெனி 1980-ல் விட்ட டிரம் மெஷின். நிஜ டிரம்ஸ் மாதிரி இல்லை என்று அப்போது பலர் கழித்துக்கட்டினார்கள். ஏறத்தாழ 12,000 மெஷினோடு 1983-ல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். அது செகண்ட் ஹேண்டில் மலிவாக வர, கையில் காசில்லாத அமெரிக்கக் கறுப்பினப் பசங்க வாங்கினார்கள். அதன் கிக் டிரம் சத்தத்தை இழுத்து விட்டால் பேஸாகவே நீளும். அப்போது குறை என்று கழித்ததுதான் இன்றைக்கு உலகம் முழுக்க ஓடுகிறது.

அந்த அடி 50 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். போன் ஸ்பீக்கரால் அதைத் தரவே முடியாது. விவரமான ஆட்கள் பேஸைக் கொஞ்சம் கிழித்து, அதாவது கரகரக்கவைத்து, மேல் சுருதிகளும் கலந்து வைப்பார்கள். அப்போது போனிலும் பேஸ் இருப்பது போலக் காதுக்குத் தோன்றும். போனில் மட்டும் கேட்டுவிட்டு “பீட்டு சுமார்” என்று சொல்பவர்கள் ஒருமுறை எங்கள் பெட்டி முன்னால் வந்து நிற்கவும். வாடகை கேட்க மாட்டேன்.

ஸ்காபரோ, கனடா:

நான் இங்கே வளர்ந்த பெட்டை. எங்கட ஆக்களின்ர வீடுகளில பிள்ளை பிறந்த உடனேயே நடன வகுப்பா மிருதங்க வகுப்பா என்று முடிவாகிவிடும். தம்பிக்கு மிருதங்கம். கிழமைக்கு கிழமை பேஸ்மன்ட்டில ‘தகதிமி’ கேட்டுக் கேட்டு எனக்கு வெறுத்தே போச்சுது.

பிறகு ஷான் வின்சன்ட் டி போலும் யஞ்சனும் செய்த மிருதங்க ராப் வீடியோக்கள் வந்தன. ஒருவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த ராப்பர், மற்றவர் மிருதங்கமும் வாசித்து பீட்டும் செய்கிறவர். அங்கே மிருதங்கம் பின்னால நின்று தாளம் போடேல்லை. ராப்பின் ஒவ்வொரு அசையும் மிருதங்கத்தின்ர ஒரு சொல்லின் மேல வந்து விழுது, இரண்டு பேரும் கதைக்கிற மாதிரி. அம்மம்மாவுக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் விளங்காது. எண்டாலும் கையால தொடையில தட்டிக்கொண்டு முழுக்கப் பார்த்தா. தம்பிக்கு அதுக்குப் பிறகுதான் வகுப்பில உண்மையான விருப்பம் வந்தது.

சென்னை, வியாசர்பாடி:

வரியை ஓரமாக வைப்போம் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு முதல் மேடை ஏறியபோது கூட்டத்தில் இருந்தேன். பறை, சட்டி மேளம், கிதார், கானா, ராப் எல்லாம் ஒரே மேடையில். குழுவுக்கு இசையமைத்த டென்மாவின் இசை பிரமாதம், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டி சத்தம் எங்கள் தெருவில் சாவு வீட்டுக்குச் சாவு வீடு கேட்பதுதான். அன்றைக்கு என்னை நிறுத்தியது அந்தச் சத்தத்தின் மேல் ஏறி வந்த சொற்கள். சாவுக்கு மட்டும் கூப்பிடுகிற மேளத்தை மைக் வைத்து, விளக்குப் போட்டு, சாதியைப் பற்றிப் பேசவைத்தார்கள். அங்கே வரி வேறு பீட்டு வேறு என்று பிரித்தால் ரெண்டுமே பாதியாகிவிடும்.

சென்னை, ராயப்பேட்டை:

வியாசர்பாடி நண்பர் சொல்வது சரி, அந்த மேடைக்கு அது பொருந்தும். நான் கேட்பது அவ்வளவுதான்: டென்மா என்ற பெயரை நீங்கள் சொன்ன மாதிரி மற்றவர்களும் சொல்லட்டும்.

இன்னொரு பெயரும் சொல்லிவைக்கிறேன், தமிழ் இல்லை. சரண்ஜித் சிங், பம்பாய் ஸ்டூடியோ வாத்தியக்காரர். 1982-லேயே இதே 808-ஐ வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு எல்.பி. வெளியிட்டார். அப்போது யாரும் சீந்தவில்லை. 2010-ல் மறுபடி வெளியானபோது வெளிநாட்டு டிஜேக்கள், சிகாகோவில் பிறந்த ஆசிட் ஹவுஸ் என்ற எலக்ட்ரானிக் நடன இசையின் சத்தம் அதற்கும் முன்பே பம்பாயில் இருந்திருக்கிறதே என்று வாயைப் பிளந்தார்கள். பைரவியில் ஆரம்பித்துக் கேளுங்கள்.

மதுரை:

நான் பீட்டு செய்கிறவள். பழைய லேப்டாப், எஃப்.எல். ஸ்டூடியோ, கடன் வாங்கிய ஹெட்போன். அலங்காநல்லூர் பக்கம் மாமா ஒருவர் பறை அடிப்பார். வைக்கோலைக் கொளுத்தி, பறையைக் காய்ச்சி, அவர் அடித்ததைப் பதிவு செய்து துண்டு துண்டாக வெட்டி வைத்தேன். சாஃப்ட்வேரில் ஒரு சுற்றுக்கு 16 கட்டம். மாமாவின் அடி மூன்று மூன்றாக நடக்கிறது. எங்கே வைத்தாலும் நொண்டியது. கட்டத்தை 12 ஆக மாற்றிய பிறகுதான் பறை தன் நடைக்கு வந்தது. அடியில் ஒரு 808. அதைக் கேட்ட ராத்திரி தூக்கம் வரவில்லை.

அந்த பீட்டில் ஒரு பையன் பாடி வெளியிட்டான். பாட்டு நன்றாகவே ஓடியது. என் பெயரும் இல்லை, மாமா பெயரும் இல்லை. கேட்டால், “வரி என்னோடதுதானே அக்கா” என்றான். இந்தத் திரியைப் பார்த்ததும் அதுதான் ஞாபகம் வந்தது.

அடுத்து உறுமி பதிவு செய்யப் போகிறேன். பறையைப் பதிவு செய்தபோதே சத்தம் கிழிந்து பாதி வீணானது. கிள்ளான் அண்ணன் ஏதாவது வழி சொல்லுங்களேன்.

கிள்ளான், மலேசியா:

தேய்க்கிற முகத்துக்கு நேராக மைக்கை நீட்டாதே தங்கச்சி, கொஞ்சம் சாய்த்து வை. மூடிய அறை வேண்டாம். மூலையில் வைத்தால் பேஸ் தேங்கி மொத்தமும் மப்பாகிவிடும். வெட்டவெளியில், பத்தடி தள்ளி, லெவலைப் பாதிக்கும் கீழே இறக்கிப் பதிவு செய். சத்தத்தைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம், கிழிந்ததை ஒட்ட முடியாது. அடிக்கிற பக்கத்துக்குத் தனியாக இன்னொரு போன் வைத்தால் வெட்டுவதற்கு வசதி. பீட்டு முடிந்ததும் இங்கே ஒரு துண்டு போடு, வாசித்தவர் பெயரோடு.