பயர்பொக்ஸ் எந்த அறிவிப்பும் இன்றி மறைந்துவிடுகிறது (உபுண்டு 22.04, 4 ஜிபி நினைவகம்)

கேள்வி: கல்லடியிலிருந்து ஓர் ஆசிரியை

வணக்கம். க.பொ.த. சாதாரண தர மாணவர்களுக்கு இணையவழியில் கணிதம் கற்பிக்கிறேன். என்னிடம் இருப்பது உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும், 4 ஜிபி நினைவகமுள்ள பழைய மடிக்கணினி. கூகுள் மீட்டில் வகுப்பு நடக்கும்போது கடந்தகால வினாத்தாள்கள் ஐந்தாறையும் உலாவியிலேயே திறந்து வைத்திருப்பேன். அரைமணி நேரம் கடந்ததும் பயர்பொக்ஸ் முழுவதுமாக மறைந்துவிடுகிறது. நேற்று இருபடிச் சமன்பாடு ஒன்றைக் காரணிப்படுத்திக்கொண்டிருந்தபோது, "டீச்சர், அந்த மறைக் குறி எப்படி..." என்று ஒரு பிள்ளை கேட்ட குரல் பாதியில் அறுந்து, திரையில் பின்னணிப் படம் மட்டுமே எஞ்சியது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. உலாவியை இரண்டு தடவை நீக்கி மீள நிறுவியும் பயனில்லை. திருத்தும் கடையொன்றில் மதர்போர்ட்டை மாற்றச் சொல்கிறார்கள். அந்தச் செலவு தேவைதானா?

பதில்: களுவாஞ்சிகுடி

எனக்கும் முன்பு இப்படி நடந்தது. உலாவியின் அமைப்புகளில் செயற்திறன் பகுதிக்குச் சென்று வன்பொருள் முடுக்கத்தை (திரைக் காட்சி வேலையைக் கிராஃபிக்ஸ் சிப்பிடம் ஒப்படைக்கும் வசதி) நிறுத்தியதும் சரியாகிவிட்டது. உதவிப் பட்டியலில் உள்ள பழுதறியும் பயன்முறையில் ஒருமுறை திறந்து பாருங்கள். அது நீட்சிகளையும் வன்பொருள் முடுக்கத்தையும் சேர்த்தே நிறுத்திவிடும்.

பதில்: அக்கரைப்பற்று

களுவாஞ்சிகுடி அண்ணா சொன்னது கிராஃபிக்ஸ் டிரைவர் சிக்கலுக்குப் பொருந்தும். ஆனால் அவ்வாறு உலாவி தானாக முறிந்தால், பெரும்பாலும் பயர்பொக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் முறிவு அறிக்கைச் சாளரம் தோன்றும். டீச்சருக்கு அது தோன்றவில்லை என்பதே இங்கு முக்கியமான தடயம் என்று நினைக்கிறேன். முகவரிப் பட்டியில் 'எபவுட்:கிராஷஸ்' என்பதை ஆங்கில எழுத்துகளில் தட்டிப் பாருங்கள். அந்தப் பட்டியல் வெறுமையாக இருந்தால், உலாவி தானாக விழவில்லை, இயங்குதளம் அதை நிறுத்தியிருக்கிறது என்றே சந்தேகிக்க வேண்டும்.

நினைவகம் தீரும் நிலையில் லினக்ஸ் கேர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஏதாவதொரு செயல்முறையை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரலொன்றைக் கொன்று இடம் பிடிக்கும். அப்போது பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டுமே விழும். ஆனால் உபுண்டு 22.04 இல் 'சிஸ்டம்டி-ஊம்டி' என்ற காவல் சேவையும் இயல்பாகவே இயங்குகிறது. நினைவக நெருக்கடி தொடர்ந்து நீடித்தால், அது ஒரு செயலியின் செயல்முறைகள் அனைத்தையும் ஒரே குழுவாகக் கருதி மொத்தமாக நிறுத்திவிடும். முழுச் சாளரமும் ஒரே நொடியில் மறைவதற்கு இது பொருத்தமான விளக்கம். 'லொக்ஸ்' என்ற செயலியைத் திறந்து, உலாவி மறைந்த நேரத்துக்குரிய வரிகளில் 'ஊம்டி' என்று தேடுங்கள். அதுவரை மதர்போர்ட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

ஆசிரியை

மிக்க நன்றி தம்பி. முறிவுப் பட்டியல் வெறுமையாகவே இருக்கிறது. மாலை 4.12க்குரிய பதிவில் ஊம்டி பயர்பொக்ஸைக் கொன்றதாக ஒரு வரி இருக்கிறது. அந்தச் சேவையை நிறுத்திவிடட்டுமா?

பதில்: அக்கரைப்பற்று

வேண்டாம், டீச்சர். அதை நிறுத்தினாலும் நினைவகம் கூடப்போவதில்லை. உலாவி மறைவதற்குப் பதிலாகக் கணினி முழுவதும் உறைந்து, மின்பொத்தானை அழுத்தி அணைக்க வேண்டிய நிலை வரலாம்.

முதலில் 'எபவுட்:பிராசஸஸ்' பக்கத்தைத் திறந்தால் எது எவ்வளவு நினைவகம் தின்கிறது என்பது தெரியும். வினாத்தாள்களை உலாவியில் திறக்காமல், தரவிறக்கி, ஆவணம் பார்க்கும் செயலியில் ஒவ்வொன்றாகத் திறவுங்கள். மீட்டுக்கு மட்டும் பயர்பொக்ஸை விடுங்கள். இது செலவில்லாத வழி.

அடுத்தது சுவப் கோப்பு, அதாவது நினைவகம் போதாதபோது அதிலிருப்பவற்றை ஒதுக்கி வைக்க வட்டில் உள்ள இடம். 'சிஸ்டம் மொனிட்டர்' செயலியில் அதன் அளவைப் பாருங்கள்; 2 ஜிபி அல்லது அதற்கும் குறைவாக இருந்தால் 6 ஜிபியாகப் பெருக்கலாம். எல்லாச் செயலிகளையும் மூடிய பின்னரே பழைய சுவப்பை நிறுத்த வேண்டும். இல்லையெனில் அதிலிருப்பவை அனைத்தும் நினைவகத்துக்குத் திரும்ப இடமின்றித் தடுமாறும். புதிய கோப்புக்கும் பழைய பெயரையே இட்டால், தொடக்கத்தில் அதை ஏற்றும் அமைப்புக் கோப்பில் கைவைக்கத் தேவையில்லை. கோப்பின் அனுமதியை 600 ஆக (உரிமையாளர் மட்டுமே வாசிக்கவும் எழுதவும் முடியும் என்ற நிலை) வைக்க மறவாதீர்கள்.

சுவப் வட்டில் இருப்பதால் நினைவகத்தைவிட மிக மெதுவானது. உங்களுடையது பழைய சுழல்வட்டாக இருந்தால் அந்த வேறுபாட்டை வகுப்பிலேயே உணர்வீர்கள். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால் மதர்போர்ட்டை விட்டுவிட்டு இன்னொரு 4 ஜிபி நினைவகத் தட்டை வாங்குங்கள். ஆனால் வெற்றுச் செருகுமிடம் உள்ளதா, தேவைப்படுவது டிடிஆர்3 வகையா டிடிஆர்4 வகையா என்பதைப் பின்மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டே கடைக்குச் செல்லுங்கள். ஒன்று மற்றதன் இடத்தில் பொருந்தாது.

ஆசிரியை

இன்று வினாத்தாள்களை வெளியே திறந்து ஒன்றரை மணி நேரம் வகுப்பு எடுத்தேன்; உலாவி மறையவில்லை. சுவப் மாற்றத்தைச் சனிக்கிழமை வகுப்பு இல்லாத நேரத்தில் செய்துவிட்டு, பதிவில் ஊம்டி வரி மீண்டும் வருகிறதா என்று பார்த்து இங்கே எழுதுகிறேன்.