இண்டக்ஷன் ஹாப்பையும் ஓவனையும் பழைய கிரைண்டர் வயரில் இணைக்கலாமா?

கேள்வி:
புதுச்சேரி முத்தியால்பேட்டையிலுள்ள எங்கள் வீட்டில் 7.2 கிலோவாட் இண்டக்ஷன் ஹாப்பும் (பல அடுப்புகள் கொண்ட மின்னடுப்பு) 3 கிலோவாட் ஓவனும் பொருத்த இருக்கிறோம். கிரைண்டருக்காக இழுத்த 2.5 சதுர மி.மீ. வயரும் ஒரு 16 ஆம்பியர் பிளக் பாயிண்டும்தான் சமையலறையில் உள்ளன. இரண்டையும் அதிலேயே கொடுத்துவிடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். சரியா?

மறுமொழி 1:
சரியில்லை, ஐயா. 7,200 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்துப் பாருங்கள். எல்லா அடுப்புகளும் முழு வேகத்தில் எரியும்போது ஹாப் மட்டுமே 31 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், ஓவனுக்கு இன்னும் 13 ஆம்பியர் வேண்டும். ஹாப்புக்கு டிபி பெட்டியிலிருந்து (வீட்டின் மின் பகிர்வுப் பெட்டி) தனியாக 6 சதுர மி.மீ. செப்பு வயர் இழுத்து, 32 ஆம்பியர் எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) போட்டு, பிளக் இல்லாமல் ஐசொலேட்டர் சுவிட்ச் (மின்சாரத்தை முழுதும் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாக இணைக்கச் சொல்லுங்கள். பழைய வயர் நல்ல நிலையில் இருந்தால், 16 ஆம்பியர் எம்.சி.பி.யுடன் ஓவனுக்கு மட்டும் அது போதும். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் அதையும் இப்போதே போட்டுவிடுங்கள்.

மறுமொழி 2:
கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டு ஓவன் பாயிண்டில் திருகு சற்றே தளர்ந்திருந்ததால் பிளக்கின் ஒரு கால் பழுப்பேறி, உறை உருகியிருந்தது. கடற்காற்றில் முனைகள் களிம்பேறும் ஊர்களில் ஆண்டுக்கொரு முறை திருகுகளை இறுக்குவது நல்லது. உங்களுடையது மும்முனை இணைப்பா?

கேட்டவர்:
ஆம், மும்முனைதான்.

மறுமொழி 2:
அப்படியானால், ஹாப்பின் இணைப்புப் படம் அனுமதித்தால் சுமையை மும்முனையில் இரு ஃபேஸ்களுக்குப் பிரிக்கலாம். ஆனால் ஒருமுனை இணைப்புக்கென ஹாப்பின் இணைப்பு முனைகளுக்கிடையே போட்டிருக்கும் சிறு செப்புத் தகட்டைக் கழற்றாமல் மின்சாரம் கொடுத்தால் இரு ஃபேஸ்களும் நேரடியாக மோதி ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும். அனுமதிக்கப்பட்ட மின்பளுவையும் மின்துறை அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டுவிடுங்கள்.