எழும்பூர் தூய அந்திரேயா ஆலயம்: வட்டக் கூடத்தைத் தாங்குவது எது?

கேள்வி:
வணக்கம். கிர்க் என்று அழைக்கப்படும் எழும்பூர் தூய அந்திரேயா ஆலயத்துக்குச் சென்ற வாரம் முதன்முறையாகப் போயிருந்தேன். முகப்பின் பெருந்தூண்களையும் கூர்கோபுரத்தையும் பார்த்து உள்ளே நீண்ட மண்டபம் இருக்கும் என்று நினைத்து நுழைந்தால், வட்டமான கூடம். சுற்றிலும் 16 தூண்கள், அவற்றின்மேல் பொன் விண்மீன்கள் தீட்டிய கருநீலக் குவிமாடம். இலண்டன் செயின்ட் மார்ட்டின் ஆலயத்தின் நகல் என்கிறார்களே, அதுவும் வட்டமானதா? கூவத்துக்கு அருகில், இளகிய மண்ணில் இவ்வளவு கனம் எப்படி நிற்கிறது?

மறுமொழி 1:
நகல் என்ற சொல் முகப்புக்குத்தான் ஓரளவு பொருந்தும். கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் கிப்ஸ் 1726இல் முடித்த இலண்டன் ஆலயம் நீள்சதுரமானது. ஆனால் அதற்கு அவர் முதலில் வரைந்தது வட்ட வடிவம். செலவு கருதி அது கைவிடப்பட்டது. 1728இல் அவர் வெளியிட்ட வரைபடத் தொகுப்பில் அந்த வடிவமும் இடம்பெற்றது. இலண்டன் வேண்டாம் என்று ஒதுக்கிய அந்த எண்ணம், ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1818க்கும் 1821க்கும் இடையில் பொறியாளர் தாமஸ் டி ஹாவிலாண்டின் கையால் சென்னையில் எழுந்தது. ஆகவே இதை வெறும் நகல் என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மறுமொழி 2:
கனத்தைப் பற்றிய கேள்விக்குக் கரையானிலிருந்து தொடங்க வேண்டும். நம் ஊரில் மரக்கூரை கரையானுக்கு இரையாகும் என்பதால், ஏறத்தாழ 81 அடி விட்டமுள்ள வட்டக் கூடத்தின் குவிமாடத்தைச் செங்கல்லும் சுண்ணாம்புமாகவே கட்டினார்கள். பாரம் கூடியது, மண்ணோ சேறு. அதற்கு டி ஹாவிலாண்ட் கண்ட வழி, நாம் தண்ணீருக்காகத் தலைமுறைகளாக இறக்கிவரும் உறைக்கிணறு. சுவருக்கும் தூணுக்கும் அடியில் கிணறுகளை இறக்கி, உறுதியான மண்ணைத் தொட்டபின் அவற்றை நிரப்பி, அவற்றின்மேல்தான் அடித்தளம் போட்டார்கள். முகப்பின் இலக்கணம் ஐரோப்பாவுடையது என்றாலும் அதைத் தாங்கி நிற்பது நம் கிணறு வெட்டிகளின் கைத்திறன். அவர்களுடைய பெயர்களும் கல்வெட்டில் இருந்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. இன்னொன்று: உள்தூண் ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். வரிப்பள்ளங்களின் விளிம்புகூட வழவழப்பாகக் குளிர்ந்திருந்தது. பளிங்கா அது?

மறுமொழி 2:
பளிங்கு அன்று. தந்தம்போல் மின்னும்வரை கல்லால் தேய்த்து மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சு. செட்டிநாட்டுச் சுவரில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் குளிர்ச்சி நன்றாகப் பழகியிருக்கும்.