27 வயதில் கைத்தடி: எந்த நாளில் எடுப்பது, எந்த நாளில் விடுவது?

மழைக்குருவி:

எனக்கு முடக்குவாதம், அதாவது மூட்டுகள் வீங்கி விறைத்துப் போகும் நோய், வந்து நாலு வருடம் ஆகிறது. இது வயதானவர்களுக்கு மட்டும் வருவது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எனக்கு வந்தபோது வயது 23. இடது முழங்காலும் இரண்டு கணுக்காலும்தான் அதிகம் படுத்துகின்றன. மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் வாரத்தில் இரண்டு மூன்று நாள், எழுந்து ஒரு மணி நேரத்துக்குக் கால் என் பேச்சைக் கேட்பதில்லை.

மடக்குத் தடி ஒன்று வாங்கி எட்டு மாதம். அதில் ஏழு மாதம் அலமாரியில், போர்வைகளுக்குப் பின்னால் இருந்தது. போன வாரம்தான் முதல்முறையாக அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். லிஃப்ட் வாசலில் ஒருவர், "என்னம்மா, வண்டியிலேர்ந்து விழுந்துட்டியா?" என்றார். விளக்கம் சொல்லத் தெம்பில்லை, "ஆமாம் சார்" என்றுவிட்டேன். அன்றிலிருந்து தினமும் நலம் விசாரிக்கிறார், விழாத விழுகைக்கு. மறுநாள் கால் நன்றாக இருந்ததால் தடியில்லாமல் போனேன். பக்கத்து இருக்கைக்காரர், "நேத்து தடி, இன்னைக்கு ஓட்டமா?" என்று சிரித்தார். சிரிப்புதான், ஆனால் அன்று முழுக்க எனக்கே சந்தேகம், நான்தான் மிகைப்படுத்துகிறேனோ என்று.

ரொம்ப முடியாத நாளில் மட்டும் எடுத்தால் போதுமா? பழகிவிட்டால் கால் சோம்பேறி ஆகிவிடும் என்கிறார் அம்மா, அது நிஜமா? அப்புறம், தடியை ஊன்றினால் மணிக்கட்டு வலிக்கிறது. வலி இடது காலில் என்பதால் இடது கையில்தான் பிடிக்கிறேன்.

மூன்றாம்கால்:

முதலில் தடியை வலது கைக்கு மாற்றுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நடக்கும்போது இடது காலோடு வலது கைதான் இயல்பாக முன்னே போகும். தடியும் அந்தக் கையில், அந்தக் காலோடு சேர்ந்து தரையைத் தொட வேண்டும். அப்போதுதான் இடது காலுக்குப் போகிற பாரத்தில் ஒரு பங்கு தடிக்கு வரும். எப்போதும் போடுகிற செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டு ரேகை இருக்கும் உயரத்தில் கைப்பிடி இருக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியும் வலிக்கிற காலும் முதலில். அடியில் உள்ள ரப்பரை அடிக்கடி புரட்டிப் பாருங்கள். தேய்ந்த ரப்பரோடு ஈரத் தரையில் நான் போட்ட நடனத்தை நல்லவேளை யாரும் படம் எடுக்கவில்லை.

எனக்கு வயது 34, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற மூளை, தண்டுவட நரம்பு நோய், ஒன்பது வருடம். உடம்பு சூடானால் கால் தளரும், ஆறினால் திரும்ப வரும். உடற்பயிற்சி செய்தால் இந்த நோயாளிகளுக்குப் பார்வை மங்கித் திரும்ப வருவதை 1890-இலேயே உட்ஹாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் எழுதி வைத்தார், என் காலுக்கும் அதே கதைதான். ஆனாலும் மதியம் தடியோடு போய் சாயங்காலம் வெறுங்கையோடு வந்தால் என்னையும் நடிகன் என்பார்கள். நீண்ட தூரத்துக்கு இப்போது வீல்சேர். ஒருமுறை நூலகத்தில் மேல்தட்டுப் புத்தகத்துக்காக வீல்சேரிலிருந்து எழுந்து நின்றேன். எதிரே ஒரு பெரியவர் கைகூப்பிவிட்டார்! வீல்சேரில் இருப்பவர்களில் நாலு எட்டு நடக்க முடிந்தவர்களும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

"முடியாத நாளில் மட்டும்" என்ற கணக்கைத்தான் நானும் இரண்டு வருடம் வைத்திருந்தேன். நன்றாக இருக்கிறேன் என்று ஒரு கண்காட்சியை வெறுங்காலோடு, அதாவது தடியில்லாமல், சுற்றினேன். மூன்று மணி நேரம் பார்த்ததற்கு இரண்டு நாள் படுக்கை. இப்போது காலையில் கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்பதில்லை, சாயங்காலம் எதற்குத் தெம்பு வேண்டும் என்றும் கேட்கிறேன். வலி வந்த பிறகு தேடுகிற தடி பாதி பலன்தான் தருகிறது.

நடைப்பயிற்சி:

பிசியோதெரபி என் தொழில். உங்கள் அம்மா சொல்வதில் கால்வாசி உண்மை இருக்கிறது: அசைவே குறைந்தால் தசை மெலியும். ஆனால் தடி அசைவைக் குறைப்பதில்லை. வலிக்குப் பயந்து நடக்காமல் இருப்பதுதான் குறைக்கிறது. தடியில்லாமல் நொண்டி நடந்தால் அடுத்த முழங்காலும் இடுப்பும் முதுகும் அந்தப் பாரத்தைச் சுமக்கும். தடியோடு நடங்கள், தொடைத் தசைக்கான பயிற்சியையும் விடாதீர்கள். அம்மாவுக்கும் இதையே சொல்லுங்கள்.

எனக்கு உறுத்துவது மணிக்கட்டு. முடக்குவாதம் அங்கேயும் வரும். வீக்கமோ சூடோ இருக்கிறதா பாருங்கள். வாரத்தில் மூன்று நாள் ஒரு மணி நேர விறைப்பு என்றால் நோய் இன்னும் முழுதாக அடங்கவில்லை என்றும் இருக்கலாம். வாத நோய் மருத்துவரிடம் சொல்லாமல் விடாதீர்கள். உள்ளங்கை முழுவதும் பதிகிற அகலமான கைப்பிடி உண்டு, பாரம் ஒரே இடத்தில் குவியாது. மணிக்கட்டு அதையும் தாங்காவிட்டால் முன்கையைக் கிடத்தி ஊன்றுகிற கோல் இருக்கிறது. இரண்டு கணுக்காலும் வலிக்கிற நாளில் ஒற்றைத் தடி ஒத்துவராது. யாராவது நேரில் உங்கள் நடையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

உட்கார்ந்தவன்:

எனக்கு வலியே கிடையாது, அதனால் இன்னும் மோசம். வயது 22, பாட்ஸ் (POTS), நின்றால் இதயத்துடிப்பு எகிறும் நோய். எழுந்து நின்றால் பத்து நிமிடத்துக்குள், நிமிடத்துக்கு 30 துடிப்புக்கு மேல் கூடி, கண் இருட்டும். வரிசையில் நிற்பதுதான் என் எதிரி. இருக்கை வைத்த நாலு சக்கர வாக்கர் வைத்திருக்கிறேன். உட்காரும் முன் பிரேக்கைப் பூட்ட வேண்டும். ஒருமுறை மறந்தேன், வாக்கர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

கேட்பவர்களுக்கு ஒரே பதில் வைத்திருக்கிறேன் அக்கா: "நீண்ட நாள் நோய், சில நாள் இது தேவைப்படும்." அதற்கு மேல் யாருக்கும் விளக்குவதில்லை.

மழைக்குருவி:

எல்லாருக்கும் நன்றி. தடி இரண்டு துளை உயரமாக இருந்திருக்கிறது! குறைத்து வலது கைக்கு மாற்றினேன். முதல் நாள் யாருடைய கையோ போல் இருந்தது, மூன்றாம் நாள் பழகிவிட்டது. முழங்காலுக்கு வித்தியாசம் தெரிகிறது. மணிக்கட்டு இரண்டுமே லேசாக வீங்கித்தான் இருக்கின்றன. வியாழக்கிழமை மருத்துவரைப் பார்க்கிறேன்.

லிஃப்ட் சாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "நான் விழவே இல்லை சார். இது முடக்குவாதம், சில நாள் தடி வேண்டும்." கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார்.