வேலாயுதம் குடும்பம்: வளைகாப்பும் அணு ஏவுகணையும்

வெள்ளி

காலை 6:41, வசந்தி அத்தை:
பல முறை பகிரப்பட்டது
அவசரம்!! ரஷ்யாவின் அணு ஏவுகணை இந்தியப் பெருங்கடலுக்கு மேல் சுற்றுகிறது. எண்ணெயே தேவையில்லை, எத்தனை நாள் வேண்டுமானாலும் பறக்கும். ஞாயிறு வரை மழையில் நனையாதீர்கள், வடகம் காயவைக்காதீர்கள், மொட்டை மாடிக்குப் போகாதீர்கள். 10 பேருக்காவது அனுப்பவும்.

6:43, வசந்தி அத்தை:
ஞாயிறு மாடியில் பந்தி வேண்டாம். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீடு.

6:50, லதா அக்கா:
அத்தை, காலையிலேயேவா 🙏

6:52, மணி மாமா:
சாமியானாவுக்குச் சொல்லியாச்சே

6:55, கார்த்தி:
பொய் அத்தை

6:58, வசந்தி அத்தை:
ஏரி உடையும் என்று சொன்னபோதும் சிரித்தீர்கள். உடைந்ததா இல்லையா?

7:20, தாமு சித்தப்பா:
அனைவருக்கும் காலை வணக்கம். அக்கா அனுப்பியதில் கால்வாசி உண்மை, மீதி கதை. ரஷ்யாவிடம் புரெவெஸ்ட்னிக் என்று ஒரு ஏவுகணை இருக்கிறது. 2018ல் புதின் மேடை போட்டு அறிவித்தார், 2025 அக்டோபரில் 15 மணி நேரம் விடாமல் 14,000 கிலோமீட்டர் பறந்தது என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். அதற்கும் ஆரணியில் நம் மொட்டை மாடிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இந்த யோசனையே புதுசும் இல்லை. அமெரிக்காக்காரன் 1957லேயே ஆரம்பித்துவிட்டான். திட்டத்தின் பெயர் புளூட்டோ. விளக்குகிறேன்.

7:21, கார்த்தி:
போச்சு

7:21, லதா அக்கா:
வைக்கோல் போர் 😂

7:22, மணி மாமா:
😂😂😂

7:24, தாமு சித்தப்பா:
அது தீபாவளி ராக்கெட், குச்சி வளைந்திருந்தது. எத்தனை வருஷத்துக்குச் சொல்வீர்கள்.

7:33, தாமு சித்தப்பா:
புளூட்டோவின் இயந்திரம் ஒரு ராம்ஜெட். ராம்ஜெட் என்பது உள்ளே விசிறி, சுழலி எதுவும் இல்லாத வெறும் குழாய். வேகமாகப் போனால் முன்வாயில் காற்று தானாக நெருக்கியடித்து நுழையும். வழக்கமான ராம்ஜெட்டில் அந்தக் காற்றில் எண்ணெயைப் பீய்ச்சி எரிப்பார்கள், இதில் எண்ணெய்க்குப் பதில் நடுவில் ஓர் அணு உலை, காற்று அதன் ஓட்டைகள் வழியாகப் புகுந்து, சூடேறி விரிந்து பின்பக்கம் பீறிடும், அந்த வேகத்தில்தான் ஏவுகணை போகும். நின்ற இடத்திலிருந்து இது கிளம்பாது, முதலில் ராக்கெட் வைத்துத் தள்ளிவிட வேண்டும். பிறகு எண்ணெய் தீரும் கவலை கிடையாது.

7:36, மணி மாமா:
அப்பளம் யார் சொல்வது

7:37, லதா அக்கா:
பின்னால் வரும் காற்றில் கதிர்வீச்சு இருக்குமா சித்தப்பா?

7:40, தாமு சித்தப்பா:
நல்ல கேள்வி. இருக்கும். உலையைச் சுற்றி ஈயம் வைத்தால் கனம் தாங்காது, அதனால் கவசமே இல்லை. ரேடாரில் மாட்டாமல் இருக்கத் தாழ்வாக, ஒலியைப் போல 3 மடங்கு வேகத்தில், வயிற்றில் ஹைட்ரஜன் குண்டுகளோடு போக வேண்டும் என்பது திட்டம். ரஷ்யா போய்ச் சேருவதற்குள் சொந்தக்காரன், கூட்டாளி எல்லார் தலைக்கு மேலும் போய்த்தான் ஆக வேண்டும்.

7:41, வசந்தி அத்தை:
பார்த்தீர்களா!! தாமுவே சொல்லிவிட்டான் இருக்கு என்று. மாடி வேண்டாம்.

7:42, தாமு சித்தப்பா:
அக்கா முழுசாகப் படி

7:42, கார்த்தி:
😂

7:58, தாமு சித்தப்பா:
உலைக்குள் பென்சில் பருமனில் பீங்கான் குச்சிகள், ஏறத்தாழ 5 லட்சம். பெரிலியம் ஆக்சைடோடு யுரேனியம் கலந்தவை, அந்தச் சூட்டுக்குச் சாதா உலோகம் தாங்காது என்பதால் பீங்கான். செய்து கொடுத்தது கொலராடோவில் உள்ள கூர்ஸ் பீங்கான் கம்பெனி, பீர் காய்ச்சும் அதே கூர்ஸ் குடும்பம்.

7:59, மணி மாமா:
பீரா 👍

8:00, லதா அக்கா:
மாமா கண்ணுக்கு அது ஒன்றுதான் தெரிந்தது

8:02, வசந்தி அத்தை:
ஞாயிறு அந்தப் பேச்சே எடுக்கக்கூடாது. நிச்சயதார்த்தத்தில் நடந்ததே போதும். என்னை வாசலில் வைத்து வாங்க என்று சொல்லக்கூட ஆள் இல்லை.

8:03, லதா அக்கா:
அத்தை அன்று மின்சாரம் போயிருந்தது

8:04, வசந்தி அத்தை:
வாய்க்குமா மின்சாரம் போயிற்று

8:15, தாமு சித்தப்பா:
நெவாடா பாலைவனத்தில் ஜாக்கஸ் பிளாட்ஸ் என்ற இடத்தில் சோதனை. இயந்திரத்தைத் தண்டவாள வண்டியில் ஏற்றித் தரையோடு வைத்து ஓட்டினார்கள். பறக்காத இயந்திரத்துக்குப் பறக்கும் வேகத்தில் காற்று எங்கிருந்து வரும்? எண்ணெய்க் கிணற்றில் இறக்கும் குழாய்களை 40 கிலோமீட்டர் நீளத்துக்கு வாங்கி அதில் காற்றை அடைத்து வைத்தார்கள். அது சூடாகவும் வர வேண்டும் என்று 1 அங்குல இரும்புக் குண்டுகள் 1.4 கோடியைப் பெரிய தொட்டிகளில் பழுக்கக் காய்ச்சி, அதன் நடுவே காற்றைத் திறந்துவிட்டார்கள். இத்தனையும் சில நிமிட ஓட்டத்துக்கு. 1961 மே 14 அன்று டோரி 2ஏ என்ற முதல் சோதனை இயந்திரம் சில வினாடிகள் ஓடியது. 1964 மே மாதம் டோரி 2சி சுமார் 5 நிமிடம், 513 மெகாவாட். இயந்திரம் ஜெயித்துவிட்டது, எனக்கு இதில் பிடித்ததே அதுதான். கணக்குப் போட்ட எல்லாம் சரியாக நடந்த பிறகுதான் மூடினார்கள்.

8:17, கார்த்தி:
ஏன்?

8:17, லதா அக்கா:
கேட்காதே டா

8:29, தாமு சித்தப்பா:
பறக்கவிட்டுப் பார்க்க இடம் இல்லை தம்பி. நெவாடாவிலேயே நீளக் கயிற்றில் கட்டி வட்டம் அடிக்க விடலாமா என்றுகூட யோசித்தார்கள். அறுந்தால் பக்கத்திலேயே லாஸ் வேகாஸ். பசிபிக்கில் வேக் தீவுப் பக்கம் சுற்றவிட்டுக் கடைசியில் கடலில் முக்கிவிடலாம் என்றார்கள். அதற்குள் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை வந்துவிட்டது, அது அரை மணியில் ரஷ்யா போய்விடும், இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது. 1964 ஜூலை 1ல் இழுத்து மூடினார்கள். 26 கோடி டாலர். ஒன்றுகூட வானத்தைப் பார்க்கவில்லை.

8:31, மணி மாமா:
நம்ம ரைஸ் மில் மாதிரி

8:32, லதா அக்கா:
மாமா

8:36, தாமு சித்தப்பா:
மில்லுக்கு யார் கையெழுத்துப் போட மாட்டேன் என்றது என்று ஊருக்கே தெரியும்.

8:37, மணி மாமா:
சும்மா சொன்னேன் மச்சான்

8:40, கார்த்தி:
ஞாயிறு ஆரணிக்குக் கனமழை என்று போட்டிருக்கிறது. ஏவுகணை இல்லாமலே மாடி நனையும்.

8:41, வசந்தி அத்தை:
அதைத்தான் காலையிலிருந்து சொல்கிறேன்

8:52, பாட்டி:
🎤 குரல் செய்தி 1:12

8:55, லதா அக்கா:
பாட்டி சொல்வது: மழை வந்தால் கூடத்திலேயே இலை போடலாம், 20 பேராக உட்காரட்டும். புளியோதரை முதல் நாள் ராத்திரியே கிளறணும். கண்ணாடி வளையல் பச்சை, சிவப்பு மட்டும், கறுப்பு கலக்காமல் பார்த்து வாங்கணும். அப்புறம் தாமு இன்னும் மாத்திரை போடவில்லையாம்.

9:10, நந்தினி:
எனக்கு ஏழு மாசம். என்னால் அந்த மாடிப்படி ஏறவே முடியாது. யாராவது என்னைக் கேட்டீர்களா?

9:11, லதா அக்கா:
ஐயோ கண்ணு

9:11, வசந்தி அத்தை:
நான் அப்போதே வேண்டாம் என்றேன்

9:14, மணி மாமா:
சரி மனை கூடத்தில், பந்தி மட்டும் மாடியில்?

9:15, கார்த்தி:
மழை மாமா

9:16, மணி மாமா:
தகர ஷீட் போடச் சொல்கிறேன். அதற்குத் தனிக் காசு கேட்பான்.

9:20, நந்தினி:
சித்தப்பா, ஆளே ஏறிப் பறக்கிற அணு விமானம் வந்ததா?

9:21, லதா அக்கா:
நந்தினி 🤦

9:34, தாமு சித்தப்பா:
வந்ததும்மா! அமெரிக்காவில் என்பி-36எச் என்று ஒன்று, 1955 முதல் 1957 வரை 47 முறை பறந்தது. உள்ளே உலை ஓடியது, ஆனால் விமானத்தை இழுத்தது வழக்கமான இயந்திரங்கள்தான், மனிதர்களைக் கதிர்வீச்சிலிருந்து காப்பாற்ற முடிகிறதா என்று பார்க்க மட்டும். விமானிகள் அறைக்கு ஈயமும் ரப்பரும் வைத்த கவசம், அது மட்டும் ஏறக்குறைய 11 டன். 1961ல் கென்னடி வந்து மொத்தத் திட்டத்தையும் நிறுத்தினார். அடுத்து ரஷ்யாவின் டியூ-95

9:35, மணி மாமா:
மச்சான் ஒரு நிமிஷம். தகர ஷீட்டா, கூடமா? அவன் போனில் காத்திருக்கிறான்.

9:36, வசந்தி அத்தை:
கூடம்

9:36, கார்த்தி:
ஷீட்

9:38, லதா அக்கா:
சாமியானாவுக்கு முன்பணம் கொடுத்தது யார்? அதைத் திருப்பித் தருவானா?

9:47, தாமு சித்தப்பா:
டியூ-95ஐ முடித்துவிடுகிறேன்.