ஃபெயில்ஓவருக்குத் ‘தோல்விமாற்றம்’ வேண்டாமே

வணக்கம். நெட்வொர்க் சொற்களுக்கு நீங்கள் போட்ட தமிழைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்:

> ஃபெயில்ஓவர் – தோல்விமாற்றம், நாட் – முகவரி மாற்றம். சரிதானே?

முதல் சொல் எனக்கு ஒட்டவில்லை. ஃபெயில்ஓவர் என்பது ஒரு ரவுட்டர் நின்றுபோனால் காத்திருக்கும் இன்னொன்று அதன் வேலையை எடுத்துக்கொள்வது. தேர்தலில் தோற்கலாம், தேர்வில் தோற்கலாம். ரவுட்டர் எங்கே தோற்கிறது, அது படுத்துவிடும், அவ்வளவுதான். அதோடு இங்கே வேலை செய்வது படுத்த ரவுட்டர் அல்ல, காத்திருந்த ரவுட்டர். இதற்கான நெறிமுறைகளில் ஒன்றான விஆர்ஆர்பியில் முதன்மை ரவுட்டர் வழக்கமாக 1 நொடிக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று அறிவித்துக்கொண்டே இருக்கும், 3 நொடிக்குச் சற்று மேல் சத்தமே இல்லையென்றால் துணை ரவுட்டர் இரண்டும் பகிர்ந்துகொள்ளும் ஐபி முகவரியைத் தனதாக்கிக்கொள்ளும். இதே வேலைக்கான இன்னொரு நெறிமுறையான எச்எஸ்ஆர்பியில் இந்தக் காத்திருப்புக்கு இயல்பான அளவு 10 நொடி. அதனால் ‘பொறுப்பேற்பு’ என்கிறேன். முன்பு ‘கைமாற்று’ என்று சொல்லிப் பார்த்தேன், பக்கத்து இருக்கைக்காரர் “எவ்வளவு வேணும்?” என்று பர்ஸை எடுத்துவிட்டார்.

ஆனால் உள்வலை முகவரியை வெளி முகவரியாக மாற்றி அனுப்பும் நாட் நடுவில் வந்தால் இந்த ஒரு சொல் போதாது. உள்ளேயிருக்கும் 192.168.1.20-இன் 51000 போர்ட் (எந்த இணைப்பு என்று காட்டும் எண்), வெளியே 203.0.113.5-இன் 40001 போர்ட்டாகப் போயிருக்கிறது என்ற கணக்கு முதல் ரவுட்டரின் நினைவகத்தில் மட்டும்தான் இருக்கிறது. துணை ரவுட்டர் முகவரியை எடுத்துக்கொண்டாலும் வெளியிலிருந்து வரும் பதில் பாக்கெட் யாருக்கு என்று அதற்குத் தெரியாது. கடைச் சாவி வந்துவிட்டது, பற்றுவரவு நோட்டு பழைய ஆளோடு போய்விட்டது! தொலைவிலுள்ள கணினியில் வேலை செய்யத் திறந்திருந்த எஸ்எஸ்எச் இணைப்பெல்லாம் அறுந்துபோகும். லினக்ஸில் பொறுப்பேற்பைக் கவனிக்கும் கீப்அலைவ்டியோடு இணைப்புக் கணக்கைக் கவனிக்கும் கான்ட்ராக்டியையும், ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தில் அதேபோல் கார்ப்போடு பிஎஃப்சிங்க்கையும் சேர்த்து ஓட்டுவது இந்த நோட்டைப் படியெடுத்துக்கொண்டே இருக்கத்தான்.

ஆகவே ‘வெறும் பொறுப்பேற்பு’, ‘கணக்கோடு பொறுப்பேற்பு’ என்று இரண்டாகப் பிரிக்கலாம். இந்தக் கணக்கை வைத்திருப்பதைச் சொல்லும் ஸ்டேட்ஃபுல் என்பதற்கு ‘நிலைசார்’ என்று போட்டால் படிப்பவருக்கு எது கைக்கு வந்தது, எது வரவில்லை என்று புரியாது.

ஸ்டாட்டிக் நாட்டில் கதை வேறு. ஓர் உள் முகவரிக்கு ஒரு வெளி முகவரி என்று இரண்டு ரவுட்டரிலும் எழுதிவைத்துவிடுவதால் முகவரியைப் பொறுத்தவரை நோட்டு தேவையில்லை, ஆனால் அதை இரண்டு ரவுட்டரும் சேர்ந்த பொறுப்பேற்புக் குழுவோடு பிணைக்காமல் விட்டால் ‘இந்த வெளி முகவரி யாருடையது?’ என்று வலையில் வரும் ஏஆர்பி கேள்விக்கு இரண்டும் ‘நான்தான்’ என்று பதில் சொல்லும். ஒரு ராத்திரி முழுக்க இதில் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்புறம், ‘முகவரி மாற்றம்’ என்றதும் ரேஷன் அட்டைதான் நினைவுக்கு வருகிறது. மொழிபெயர்ப்பு போல ‘முகவரிப் பெயர்ப்பு’ இருக்கட்டும்.

ஒன்று படுத்தால் உதவ இன்னொன்றை வைத்திருக்கும் ரிடன்டன்சிக்கு ‘மிகைமை’ என்கிறார்கள், தண்டத்துக்கு வாங்கிய இரண்டாவது ரவுட்டர் போல ஒலிக்கிறது. ‘மாற்றிருப்பு’ எப்படி?