கட்டாந்தரையில் ஆடி வந்த ஹாக்கி டிஃபன்டர்களை செயற்கைப் புல் டர்ஃபுக்குத் தயார் பண்ணுவது எப்படி?

கரிசல் பேக்:
டிபார்ட்மென்ட் டீம், லீக்ல எப்பவும் நடுவாந்திரம். 19 வயசுல ரெண்டு பேக் (டிஃபன்டர்), ரெண்டு பேரும் கிராமத்து மண் கிரவுண்ட்ல ஆடி வந்தவங்க. கோவில்பட்டி டர்ஃப்ல 'D'-க்குள்ள (கோலுக்கு முன்னாடி இருக்கிற அரைவட்டம்) கால்ல பந்து பட்டே பெனால்டி கார்னர் (எதிரணிக்கு கோல் அடிக்கக் கிடைக்கிற தனி வாய்ப்பு) கொடுத்துருதாங்க. கோடை டோர்னமென்ட் வருது. உட்கார வைக்கணுமா, ஆட விடணுமா?

பாளை ஸ்டாப்பர்:
ஆட விடுங்க அண்ணாச்சி. மண்ணுல பந்து துள்ளும்னு ஸ்டிக்கை நிமிர்த்திப் பிடிச்சே பழகியிருப்பாங்க. தண்ணி விட்ட டர்ஃப்ல பந்து துள்ளாம வழுக்கிட்டு வரும். ஸ்டிக்குக்கு அடியில பூந்து கால்லதான் படும். ஸ்டிக்கைப் படுக்கப் போட்டு, இடது கை விரல்கணு தரையை உரசுற அளவுக்குக் குனியணும். தொடையில வலு இல்லாட்டி கடைசி குவார்ட்டர்ல தானா நிமிர்ந்துருவான்; அதனால களைச்ச பிறகும் இதைப் பழக்குங்க.

தினம் 10 நிமிஷம், 10 மீட்டர் அகலத்துல ஒண்ணுக்கு ஒண்ணு விடுங்க. பந்தைப் பறிச்சா பாயிண்ட் கிடையாது. 5 விநாடி தாமதப்படுத்தி ஓரத்துக்குத் தள்ளினாத்தான் பாயிண்ட். இளம் பேக் எல்லாருக்கும் பறிக்கிற அவசரம்தான் கேடு. இடது கையால ஜாப் (ஸ்டிக்கால பந்தைக் குத்துறது) நீட்டினா உடனே இழுத்துக்கணும், உடம்பு கூடவே போகக்கூடாது. எடை முன்கால்ல விழுந்துட்டா திரும்பவே முடியாது.

எட்டயபுரம் ஹாக்கி:
ரெண்டு பயலுவளையும் சேர்த்து இறக்காதீங்க. ஒருத்தன் பக்கத்துல கத்தி இடம் சொல்ற சீனியர் வேணும். முதல்ல ரைட் பேக்ல போடுங்க: ஓரத்துக்குத் தள்ளும்போது பந்து அவன் ஃபோர்ஹேண்ட் (வலது) பக்கம் வரும். லெஃப்ட் பேக்குக்கு அதே வேலை ரிவர்ஸ் (இடது) பக்கம், சிரமம் ஜாஸ்தி.

தடுமாறினா 2 நிமிஷம் வெளிய எடுத்து, தண்ணி கொடுத்து, ஒரே ஒரு திருத்தம் சொல்லி அதே குவார்ட்டர்ல திருப்பி அனுப்புங்க. ஆனா பெனால்டி கார்னர் கொடுத்துட்டா அது முடியுற வரைக்கும் ஆள் மாத்த முடியாது, அதுக்கு முன்னாடியே பாத்துக்கணும்.

கரிசல் பேக்:
பெனால்டி கார்னர்ல முதல் ரஷ்ஷரா (ஷாட்டைத் தடுக்க கோல்ல இருந்து முதல்ல ஓடுறவன்) விடலாமா அண்ணாச்சி? ஒருத்தன் நல்ல வேகம்.

எட்டயபுரம் ஹாக்கி:
இந்த சீசன் வேண்டாம். கோல் போஸ்ட்ல நிறுத்துங்க; மாஸ்க், க்ளவுஸ், முட்டிக் கவசம் கட்டாயம். ஷாட் அடிக்கிறவன்கிட்ட 5 மீட்டருக்குள்ள ஓடிப்போயி முட்டிக்குக் கீழ பந்து பட்டா மறுபடியும் கார்னர்தான். ஓடுற கோடு சரியா அமையாதவனுக்கு வேகமே வினை. ஃப்ளிக்கரோட (ஷாட் அடிக்கிறவனோட) ஸ்டிக் பக்கம் குறி வச்சு ஓட, ஆளில்லாத கோல்ல தனியாப் பழக்கிட்டு அப்புறம் விடுங்க.